கட்டடத்தைப் பயன்பாட்டின்படி வகைப்படுத்துவது எப்படி: தீப்பாதுகாப்புக்கான ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் ஒரு மாடிக் கட்டடத்துக்கு வரைபட அனுமதி கேட்க முற்படும்போது, உரிமையாளரும் பட வரைஞரும் வீதிக் கோட்டிலிருந்து எவ்வளவு இடம் விடுவது, வாகனத் தரிப்பிடத்துக்குக் காணி போதுமா, மாடிப்படியை எந்த மூலையில் வைத்தால் கடைக்கு இடம் மிஞ்சும் என்பவற்றையே முதலில் பேசுகிறார்கள். அந்தக் கட்டடத்தின் பயன்பாடு என்ன என்ற கட்டத்தில் ‘வர்த்தகம்’ என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் எத்தனை வெளியேறும் வழிகள் வேண்டும், படிக்கட்டு எவ்வளவு அகலம், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், தளங்களுக்கு இடையிலான கொங்கிரீட் தட்டு தீயை எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் ஆகிய எல்லாவற்றையும் தீப்பாதுகாப்பு விதிகள் அந்த ஒரு கட்டத்தில் எழுதப்படும் விடையிலிருந்தே கணக்கிடுகின்றன. விடை பிழைத்தால் பின்னால் வரும் கணக்கு முழுவதும், எவ்வளவு கவனமாகச் செய்தாலும், வேறொரு கட்டடத்துக்கான கணக்காகிவிடும்.

இலங்கையில் இந்த வேலை தொடும் சட்டங்கள் சில உண்டு. 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் பழையது. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் அதன் பின் வந்தது. கட்டட வேலைக்கான தீ ஒழுங்குவிதிகளை முன்னர் நிர்மாணப் பயிற்சி, அபிவிருத்தி நிறுவகம் வெளியிட்டது. அந்த நிறுவகத்தின் இடத்தை 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை எடுத்துக்கொண்டது. வேலையைத் தொடங்குமுன் நடைமுறையில் உள்ள பதிப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கோப்பொன்றிலிருந்து பிரதி எடுத்த அட்டவணையை நம்பி வரைபடம் கீறுவது வீண் செலவு.

பிரித்தானிய மரபிலிருந்து வந்த கட்டட விதிகள் கட்டடங்களை எட்டு நோக்கக் குழுக்களாகப் பிரித்து வந்துள்ளன. தனி வீடு போன்ற சிறு வதிவிடம், மாடிக் குடியிருப்பும் விடுதியும் அடங்கும் ஏனைய வதிவிடம், நோயாளரும் முதியோரும் தங்கும் பராமரிப்பு நிறுவனம், அலுவலகம், கடை, தொழிற்சாலை, மக்கள் கூடுமிடம், களஞ்சியம் என்பவையே அந்த எட்டு. இந்தியாவின் 2016 ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித்தொகுதி ஒன்பது குழுக்களை வைத்திருக்கிறது. அங்கே கல்விக் கட்டடம் தனிக் குழு, ஆபத்தான பொருள்கள் உள்ள கட்டடமும் தனிக் குழு. குழுவின் இலக்கத்தை மட்டும் எழுதுவது ஏன் போதாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன்: மலேசியாவின் 1984 ஆம் ஆண்டு ஒருசீர்க் கட்டடத் துணைவிதிகளில் இரண்டாம் குழு என்பது பராமரிப்பு நிறுவனம், சிங்கப்பூரின் தீ விதித்தொகுதியில் இரண்டாம் குழு என்பது ஏனைய வதிவிடம். வெளிநாட்டில் படித்த பொறியியலாளர் ஒருவரும் உள்ளூர்ப் பட வரைஞர் ஒருவரும் ‘இரண்டாம் குழு’ என்று சொல்லித் தலையாட்டிக்கொண்டால், இருவர் மனத்திலும் இருப்பவை இரண்டு வேறு கட்டடங்கள். ஆகவே எந்த விதித்தொகுதி, எந்தப் பதிப்பு, குழுவின் பெயர் என்ன என்ற மூன்றையும் வரைபடத்தில் எழுத்தால் எழுதுங்கள்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

எந்த விதித்தொகுதியைத் திறந்தாலும் அதன் வகைப்பாட்டுக்கு அடியில் இருப்பவை நான்கு கேள்விகள்தாம். இங்கே யாராவது நித்திரை கொள்வார்களா? இருப்பவர்கள் பிறர் உதவியின்றி எழுந்து நடந்து வெளியேறக்கூடியவர்களா? அவர்களுக்கு இந்தக் கட்டடம் பழக்கமானதா, முதன்முறை வந்தவர்களா? எரியக்கூடிய பொருள் என்ன, எவ்வளவு, எத்தனை பேருக்குப் பக்கத்தில்? கட்டடத்தின் பெயர்ப்பலகையையும் வரி மதிப்பீட்டுப் பதிவையும் ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த நான்கையும் ஒவ்வோர் அறையின் வாசலிலும் நின்று கேட்டால் பெரும்பாலான சந்தேகங்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அறை விடும் வீடுகள் நிறைய உண்டு. ஒரு குடும்பம் இருந்த வீட்டில், அறைக்கு மூன்று கட்டிலாகப் போட்டுப் பன்னிரண்டு மாணவர்கள் தங்கினால், சுவரும் கூரையும் மாறாவிட்டாலும் அது சிறு வதிவிடம் என்ற குழுவை விட்டு வெளியே வந்துவிடுகிறது. ஒரு குடும்பத்தில் புகை மணம் வந்தால் ஒருவர் மற்றவரை எழுப்புவார். யார் எந்த அறையில் என்பது எல்லோருக்கும் தெரியும். விடுதியில் பக்கத்து அறையில் இருப்பவன் இன்றிரவு ஊருக்குப் போனானா, உள்ளே படுத்திருக்கிறானா என்பதே தெரியாது; அறைக் கதவுகள் உள்ளிருந்து பூட்டப்பட்டிருக்கும்; யன்னல்களுக்குத் திருடருக்காகக் கம்பி அடிக்கப்பட்டிருக்கும். சுற்றுலாப் பயணிகளுக்காக மாற்றப்படும் பழைய நாற்சார் வீடுகளுக்கும் இதே விதி பொருந்தும், அங்கே பனஞ்சிலாகைக் கூரையும் சேர்ந்துகொள்கிறது. இவற்றை ‘ஏனைய வதிவிடம்’ என்றே வகைப்படுத்த வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்பது விடையானால், அதாவது இருப்பவர்களில் ஒரு பகுதியினர் தாமாக வெளியேற முடியாதவர்களானால், அந்த இடம் பராமரிப்பு நிறுவனம். முதியோர் இல்லம், நோயாளரைத் தங்க வைக்கும் தனியார் வைத்தியசாலை, மாற்றுத்திறனாளிகள் தங்கும் இல்லம் ஆகியவை இதில் வரும். வெளிநோயாளரை மட்டும் பார்க்கும் மருத்துவ நிலையம் பொதுவாக இதில் வராது. அங்கே இரவில் ஒரு கட்டில் போட்ட நாளில் நிலை மாறும். 2001 ஓகஸ்ட் 6 ஆம் திகதி இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநலம் பாதிக்கப்பட்டோர் வைக்கப்பட்டிருந்த கொட்டகையில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். பூட்டும் சங்கிலியும் போட்டு ஆட்களை உள்ளே வைத்திருக்கும் ஓர் இடத்தை எவரும் வீடு என்றோ மடம் என்றோ எழுதிவிட்டுப் போக முடியாது; போகவும் கூடாது.

ஒரே தளம், வேறு வேறு கணக்கு

பயன்பாடு மாறும்போது எவ்வளவு மாறுகிறது என்பதை ஓர் உதாரணத்தால் காட்டலாம். 40 அடி நீளமும் 25 அடி அகலமும் உள்ள ஒரு மேல்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு 1,000 சதுர அடி, ஏறக்குறைய 93 சதுர மீற்றர். இங்கிலாந்தின் தீப்பாதுகாப்பு வழிகாட்டல் தரும் ஆளொருவருக்கான பரப்பளவின்படி, களஞ்சியத்தில் ஒருவருக்கு 30 சதுர மீற்றர். ஆகவே இந்தத் தளத்தில் 4 பேர். அலுவலகமானால் 6 சதுர மீற்றர், 16 பேர். சாதாரணக் கடையானால் 2 சதுர மீற்றர், 47 பேர். உணவகமானால் 1 சதுர மீற்றர், 93 பேர். வாங்கில் நெருக்கி இருத்தும் கூட்ட மண்டபமானால் அரைச் சதுர மீற்றர், 186 பேர். நின்று பார்க்கும் கூட்டமானால் 0.3 சதுர மீற்றர், 310 பேர். அதே வழிகாட்டல் 60 பேர் வரைக்கும்தான் ஒரேயொரு வெளியேறும் வழியை ஏற்கிறது. 600 வரை இரண்டு, அதற்கு மேல் மூன்று. 60 பேருக்கு மேற்பட்டோர் பயன்படுத்தும் கதவு வெளியேறும் திசையில் திறக்க வேண்டும். அலுவலகமாக வரையப்பட்டு ஒற்றைப் படிக்கட்டோடு அனுமதி பெற்ற தளத்தில் கூட்டம் கூடினால் என்ன நடக்கும் என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் நமது தனியார் கல்வி நிலையங்கள். யாழ்ப்பாணத்தில் ரியூசன் வகுப்பு நடக்காத சந்தி இல்லை. அவற்றிற் பல கடைத்தொகுதியின் மேல்மாடியிலோ, வீட்டு வளவுக்குள் தகரமும் கிடுகும் போட்ட கொட்டகையிலோ நடக்கின்றன. வரைபடத்தில் அவை பெரும்பாலும் ‘வர்த்தகம்’ அல்லது ‘அலுவலகம்’. பிரித்தானிய மரபில் கல்விக்காக ஆட்கள் கூடும் இடம் மக்கள் கூடுமிடம் என்ற குழுவில் வரும். இந்திய விதித்தொகுதியில் கல்விக் கட்டடம் என்ற தனிக் குழுவில் வரும். இந்த இரண்டிலும் அது அலுவலகமாகாது. 2019 மே 24 ஆம் திகதி குஜராத்தின் சூரத் நகரில் ஒரு வர்த்தகத் தொகுதியின் மேல்தளத்தில் நடந்த பயிற்சி வகுப்பில் தீ பரவியபோது 22 மாணவர்கள் இறந்தார்கள். மேலேயிருந்து குதித்தவர்களும் அதில் அடக்கம். கல்விப் பொதுத் தராதர உயர்தர வகுப்பொன்றின் திருத்தப் பாடம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் வாங்குகளை எண்ணி, வாங்குக்கு எத்தனை பேர் என்று பெருக்கி, அந்த எண்ணை வரைபடத்தில் எழுதுங்கள். பதிவேட்டில் உள்ள மாணவர் தொகையோ நிர்வாகி சொல்லும் சராசரியோ இதற்கு உதவாது. ஒரே நேரத்தில் உள்ளே இருக்கக்கூடிய மிகக் கூடிய தொகையே வேண்டும்.

திருமண மண்டபம்

தனியாகச் சொல்ல வேண்டிய இன்னொரு கட்டடம் திருமண மண்டபம். அதை ஒரே பயன்பாடாக எழுதும் பழக்கம் உண்டு. நடந்து பார்த்தால் உள்ளே நான்கைந்து பயன்பாடுகள் இருக்கும். மணவறை உள்ள பெரிய மண்டபமும் சாப்பாட்டு மண்டபமும் மக்கள் கூடுமிடம். மேல்மாடியில் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் முதல்நாள் இரவு தங்கும் அறைகள் ஏனைய வதிவிடம். அங்கே அதிகாலை முகூர்த்தத்துக்காக வந்தவர்கள் களைத்து நித்திரை கொள்வார்கள், கீழே சமையற்காரர் இரவிரவாக அடுப்பெரிப்பார். பின்புறச் சமையலிடத்தில் விறகும் எரிவாயு சிலிண்டர்களும். பக்கத்தில் டீசலோடு மின்பிறப்பாக்கி அறை. மேடைக்குப் பின்னால் பிளாஸ்ரிக் கதிரைகளும் அலங்காரத் துணியும் காகிதப் பூவும் அடுக்கிய களஞ்சியம்.

பெரிய மண்டபம் 100 அடிக்கு 60 அடி என்றால் 557 சதுர மீற்றர். அரைச் சதுர மீற்றர் வீதம் 1,100 பேருக்கு மேல். மூன்று வெளியேறும் வழிகள் வேண்டும் என்பது கணக்கு. வரைபடத்தில் மூன்றும் இருக்கலாம். திருமண நாளில் போய்ப் பார்த்தால் ஒரு பக்கக் கதவு அலங்காரத் திரைக்குப் பின்னால் மறைந்திருக்கும், இன்னொன்றின் முன் பாத்திரங்கள் அடுக்கியிருக்கும், எல்லோரும் தோரண வாசலால் மட்டுமே உள்ளே வந்திருப்பார்கள். மூன்றாவது கேள்வி இங்கேதான் கனக்கிறது: விருந்தாளிக்குத் தெரிந்த வழி அவர் வந்த வழி ஒன்றே, தீ என்றால் அந்த வாசலை நோக்கியே ஓடுவார். 2004 சனவரி 23 ஆம் திகதி திருவரங்கத்து மண்டபத் தீயில் மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நம்மவரும் அறிவர். அங்கே எரிந்தது ஓலைப் பந்தல். பந்தல் என்பது தற்காலிகமானது என்பதால் வகைப்பாட்டிலிருந்து விலக்கிவிட முடியாது. கோயில் திருவிழாவுக்கோ அன்னதானத்துக்கோ வளவில் போடும் பந்தலும் அது நிற்கும் நாள்களில் மக்கள் கூடுமிடமே.

கலப்புப் பயன்பாடும் துணைப் பயன்பாடும்

ஒரு கடைக்குள் சிறு அலுவலக அறை இருப்பதால் அதை இரண்டு குழுவாகப் பிரிக்க வேண்டியதில்லை. அது கடைக்குத் துணையான பயன்பாடு. எவ்வளவு வரை துணை, எதற்கு மேல் தனி என்பதற்கு இங்கிலாந்தின் வழிகாட்டல் தெளிவான அளவுகளைத் தருகிறது: கட்டடமோ அதன் தனித் தீப்பிரிவோ (தீ வெளியே பரவாதபடி சுவராலும் தளத்தாலும் பிரிக்கப்பட்ட பகுதி) 280 சதுர மீற்றருக்கு மேற்பட்டதாக இருந்து, துணைப் பயன்பாடு மொத்தத் தளப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அது தனிக் குழு, கடையோடு சேர்ந்த களஞ்சியமானால் அந்த அளவு மூன்றில் ஒரு பங்கு. குடியிருப்பு மட்டும் எவ்வளவு சிறியதானாலும் துணையாகக் கருதப்படாது, எப்போதும் தனிக் குழுதான். உள்ளூர் அதிகாரி வேறு அளவைக் கேட்டால் அவர் கையிலுள்ள பதிப்பே முடிவு; ஆனால் அளந்து பார்க்கும் முறை இதுவே.

கஸ்தூரியார் வீதிப் பக்கத்தில் 4,000 சதுர அடியில் ஒரு புடைவைக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 280 சதுர மீற்றரைத் தாண்டிவிட்டது. பின்னறையும் மேல்பரணும் சேர்த்து 1,500 சதுர அடியில் துணிச் சிப்பங்கள் என்றால் அது 37 வீதத்துக்கு மேல்; மூன்றில் ஒரு பங்கைக் கடந்துவிட்டதால் களஞ்சியமாகப் பிரித்து, இடைச் சுவரும் கதவும் தீயைத் தாங்கக்கூடியவையாக அமைக்க வேண்டும். பரணை அளக்காமல் விடுவதுதான் இங்கே வழமையாக நடக்கிறது. கொங்கிரீட் தட்டாகப் போடாமல் இரும்புச் சட்டத்தில் பலகை அடித்திருப்பதால் அதைத் தளமென்று யாரும் எண்ணுவதில்லை, ஆனால் சரக்கு முழுவதும் அங்கேதான் இருக்கும். 2017 மே 31 ஆம் திகதி சென்னை தியாகராய நகரில் ஒரு பெரிய துணிக்கடைக் கட்டடம் ஒரு நாளுக்கு மேல் எரிந்து, ஒரு பகுதி இடிந்து விழுந்தது. விற்பனை தொடங்காத அதிகாலையில் தீப்பிடித்ததால் கூட்டம் உள்ளே இருக்கவில்லை. அடுக்கி வைத்த துணி எவ்வளவு நேரம் எரியும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

அந்தப் புடைவைக் கடையின் மேல் உரிமையாளர் குடியிருக்கிறார் என்றால், வீட்டுக்கான படிக்கட்டு கடைக்குள்ளால் இறங்கக் கூடாது. வீதிக்கோ வளவுக்கோ தனியாக இறங்க வேண்டும். இடப் பற்றாக்குறை என்று சொல்லி இதைத் தவிர்க்க முயல்பவர்களிடம் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கீழே கடை பூட்டியிருக்கும் இரவு நேரத்தில் மேலே குழந்தைகளோடு ஒரு குடும்பம் நித்திரை கொள்கிறது, கீழே தொடங்கும் தீயைப் பார்க்க எவருமில்லை.

தொழிற்சாலை, களஞ்சியம் ஆகிய குழுக்களில் நான்காவது கேள்வியே முதன்மை பெறும். அரைக்கும் ஆலை, மரவேலைக் கூடம், பேக்கரி என்பவற்றை வகைப்படுத்துவதில் சிக்கல் இல்லை. கவனம் வேண்டியது சிறிய இடத்தில் கொடிய பொருள் உள்ளவற்றில். குருநகர் போன்ற கரையோரங்களில் கண்ணாடியிழைப் படகு திருத்தும் கொட்டகையொன்றில் நாலைந்து பேர்தான் நிற்பார்கள். ஆனால் பொலியெஸ்ரர் ரெசினிலிருந்து எழும் ஸ்ரைரீன் ஆவி எளிதில் தீப்பற்றும், அதை இறுகச் செய்யும் பதார்த்தம் பெரொக்சைட்டு வகை. பக்கத்தில் நைலோன் வலையும் மண்ணெண்ணெய்க் கலனும் இருந்தால், பரப்பளவைப் பார்த்துச் ‘சிறு பட்டறை’ என்று எழுத முடியாது. பொருளின் பெயர், ஒரே நேரத்தில் வைத்திருக்கும் ஆகக் கூடிய அளவு, அது வைக்கப்படும் இடம் மூன்றையும் தனியாகக் குறித்து, ஆபத்து மிகுந்த களஞ்சியமாகவே காட்ட வேண்டும்.

எழுதி வைக்கும் முறை

எல்லாவற்றையும் நடந்து பார்த்த பின் தளம் தளமாக ஓர் அட்டவணை தயாரியுங்கள். ஒவ்வோர் அறைக்கும் அதன் பயன்பாடு, குழுவின் பெயர், தேறிய தளப் பரப்பு, ஆளொருவருக்கு எடுத்துக்கொண்ட பரப்பு, அதனால் வரும் ஆட்தொகை, இரவில் தங்குவோர் உண்டா என்பவை வரட்டும். கட்டடத்துக்கு மொத்தமாக ஒரு குழுவைக் கேட்கும் விண்ணப்பப் படிவத்தில், முதன்மைப் பயன்பாட்டை எழுதி ‘இணைப்பு அட்டவணையையும் பார்க்கவும்’ என்று சேருங்கள். ஒரே மண்டபம் ஒரு நாள் கருத்தரங்குக்கும் மறுநாள் இசை நிகழ்ச்சிக்கும் விடப்படுமானால், இரண்டில் எது கடுமையான நிபந்தனையைக் கேட்கிறதோ அதற்கே கணக்கிட வேண்டும். குழு பற்றிச் சந்தேகம் எழுந்தால், அத்திவாரம் வெட்டுமுன் வரைபடத்தோடு மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவிடமும் திட்டமிடல் பகுதியிடமும் போய்க் கேளுங்கள். கட்டிய பின் இரண்டாவது படிக்கட்டு வைக்கும் செலவு யாருக்கும் கட்டுப்படியாகாது. நகரிலிருந்து தொலைவில், பருத்தித்துறைப் பக்கத்திலோ தீவகத்திலோ கட்டுபவர்கள் தீயணைப்பு வண்டி வந்து சேரும் நேரத்தையும் எண்ண வேண்டும். நெடுந்தீவுக்குக் கடல் கடந்தே போக வேண்டும். அத்தகைய இடத்தில் இரண்டு குழுக்களுக்கு நடுவில் ஒரு கட்டடம் நின்றால், கடுமையான குழுவையே தேர்ந்தெடுங்கள்.

அனுமதியும் இணக்கச் சான்றிதழும் கிடைத்த பின் பயன்பாடு மாறினால் வகைப்பாட்டை மறுபடியும் செய்ய வேண்டும். மாற்றம் என்றால் சுவர் இடிப்பது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வாடகைக்கு இருந்த வங்கிக் கிளை போய் அதே தளத்தில் உடற்பயிற்சி நிலையமோ முன்பள்ளியோ வந்தால், ஒரு செங்கல் கூட அசையாவிட்டாலும் பயன்பாடு மாறிவிட்டது. ஆகவே வாடகை உடன்படிக்கையிலேயே இந்தத் தளம் எந்தக் குழுவுக்கு அனுமதி பெற்றது, ஆகக் கூடியது எத்தனை பேர் என்ற இரண்டையும் ஒரு வாசகமாகச் சேர்த்து, அட்டவணையின் பிரதியொன்றை வாடகைக்கு வருபவரிடம் கொடுத்து ஒப்பம் வாங்குங்கள். ஆட்தொகையை மண்டபத்தின் வாசலில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அட்டவணையின் மூலப்பிரதி, வரைபடம், அனுமதிக் கடிதம் மூன்றும் ஒரே கோப்பில் கட்டடத்திலேயே இருக்கட்டும். பரிசோதனைக்கு வரும் அதிகாரி முதலில் கேட்பது அவற்றைத்தான்.